லாப்ரடாரின் பசியும் சிவாவாவின் பிகுவும்: இனம் எவ்வளவு, தனிக்குணம் எவ்வளவு?

#1 புதுவரவு

நாய் வளர்ப்பு பற்றி எதை எடுத்துப் படித்தாலும் இனத்துக்கு ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். லாப்ரடார் பெருந்தீனி. பூடில் பொறுக்கித் தின்னும். ஹஸ்கி அளவோடு நிறுத்தும். ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று கிண்ணத்தை நக்கி நக்கியே அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போகும். இன்னொன்று பாதியில் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இதில் எது இனத்தால் வருவது, எது அந்த நாய்க்கே உரியது, எது நாமே பழக்கிவிட்டது? எவ்வளவு போடுவது, எப்படிப் போடுவது என்று முடிவெடுக்க எதைப் பார்க்க வேண்டும்?

சொந்தக் கதை வேண்டாம், விவரம் மட்டும் சொல்லுங்கள்.

#2 வாலாட்டி

இதுல யோசிக்க என்ன இருக்கு? இனம்தான். லாப்ரடாருக்குப் பசி ரத்தத்துலயே இருக்கு, அதுக்கு மரபணுவையே கண்டுபிடிச்சாச்சு. ஹஸ்கி பனிநாட்டு நாய், அதுக்கு மாவுச்சத்தே செரிக்காது, இறைச்சி மட்டும்தான். கிரேட் டேன் மாதிரி உயரமான நாய்க்குக் கிண்ணத்தை ஸ்டாண்டுல தூக்கி வைக்கணும், இல்லேன்னா வயிறு உப்பிடும். பெரிய இனக் குட்டின்னா கால்சியம் பவுடர் தனியா கொடுக்கணும். இனத்தைத் தெரிஞ்சிக்கிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

#3 மோப்பக்காரி

வாலாட்டி தம்பி, முக்கால்வாசி என்பது ரொம்ப ஜாஸ்தி. 2022இல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது ஏறக்குறைய 9 சதவீதம். சொன்னபடி கேட்கும் குணத்தில் இனத்தின் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. எதற்குச் சீறும், எதற்கு மிரளும் என்பதில் இனத்தைப் பார்த்து ஆரூடம் சொல்ல முடியவில்லை.

கிண்ணத்துக்கு முன்னால் நாய் நடந்துகொள்ளும் விதமும் நடத்தைதானே? அவசரமாக விழுங்குவது, காவல் காப்பது, நாம் பக்கத்தில் நின்றால்தான் சாப்பிடுவது, தட்டு சத்தம் கேட்டால் பின்வாங்குவது. இவற்றில் பெரும்பகுதி அந்த நாய் இதுவரை என்ன கற்றுக்கொண்டது என்பதிலிருந்து வருகிறது.

#4 நாலுகால் வைத்தியர்

இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த 9 சதவீதம் குணத்துக்கான கணக்கு. தாடையின் அமைப்பு, மார்புக்கூட்டின் ஆழம், ஓய்வில் எரியும் ஆற்றல், எந்த நோய் எளிதில் பிடிக்கும் என்பதெல்லாம் உடல் சார்ந்தவை. அங்கே இனத்தின் கை மிக வலுவானது. உடலை இனத்திடம் கேளுங்கள், பழக்கத்தை நாயிடம் கேளுங்கள்.

வாலாட்டி சொன்னதில் ஒன்று சரி, மூன்று திருத்தப்பட வேண்டும்.

லாப்ரடார் சரி. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது: பிஓஎம்சி என்னும் மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போன வடிவம். ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று இதனால் உருவாவதில்லை. ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் இது ஒரு பிரதியாவது இருக்கிறது. ஃபிளாட் கோட்டட் ரிட்ரீவர்களிடமும் உண்டு. ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக 2 கிலோ எடை கூடுகிறது. 2024இல் அதே குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. காலை உணவு முடித்த நாய்களுக்குத் திகட்டும்வரை கொடுத்தபோது, மரபணு மாற்றம் உள்ளதும் இல்லாததும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்றன. ஆனால் வேளைகளுக்கு இடையில் மாற்றம் உள்ளவற்றுக்குப் பசி அதிகம், ஓய்வில் அவை எரிக்கும் ஆற்றலும் கால் பங்கு குறைவு. அதாவது பசி கூடுதல், செலவு குறைச்சல். இரண்டு பக்கமும் அடி.

இதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது, புதுவரவு. நாலில் ஒன்று என்றால், மிச்ச மூன்று லாப்ரடார்களிடம் அது இல்லை. இனத்தின் பெயரை வைத்து அந்த நாயின் பசியைச் சொல்லிவிட முடியாது.

ஹஸ்கி: மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயிடம் பொதுவாக 2, பெரும்பாலான நாய்களிடம் அதைவிடப் பல மடங்கு. வடதுருவப் பகுதி இனங்களில் எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. குறைவு என்றால் செரிக்காது என்று பொருளல்ல. நன்றாக வெந்த மாவுச்சத்தை ஹஸ்கியும் செரிக்கும். திடீரென்று தீவனம் மாற்றினால் மலம் இளகலாம், அவ்வளவுதான். பழையதில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புதியதைக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றினால் போதும்.

உயரமான ஸ்டாண்ட்: 2000இல் வெளியான பர்டூ பல்கலைக்கழக ஆய்வில், கிண்ணத்தைத் தூக்கி வைத்த பெரிய நாய்களிடம் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடியிருந்தது. கழுத்து வலியோ உணவுக்குழாய்க் கோளாறோ இருந்து மருத்துவர் சொன்னாலொழியத் தரையில் வையுங்கள்.

கால்சியம் பவுடர்: ஆபத்தானது. 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தை ஒதுக்கும் திறன் போதாது. கொடுத்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எலும்பு கோணும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று குறிக்கப்பட்ட முழுமையான தீவனத்தில் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம்.

#5 வாலாட்டி

ஸ்டாண்ட் விஷயம் தெரியாது டாக்டர். எடுத்துடறேன். அப்ப அளவை எதை வெச்சு முடிவு பண்றது? பாக்கெட்ல இருக்கிற அட்டவணையா?

#6 கிண்ணக்கணக்கு

பாக்கெட் அட்டவணை தொடக்கப் புள்ளி கூட இல்லீங்க, தோராயப் புள்ளி. கணக்கு இதுதான்:

நாயோட எடையை (கிலோவில்) அதே எண்ணால ரெண்டு தடவை பெருக்குங்க. வந்ததுக்கு வர்க்கமூலம். அந்த விடைக்கு இன்னொரு தடவை வர்க்கமூலம். அதை 70ஆல பெருக்கினா ஒரு நாள் ஓய்வு ஆற்றல், கிலோ கலோரியில. ஃபோன் கால்குலேட்டர் போதும்.

30 கிலோ நாய்: 30 × 30 × 30 = 27,000. மூலம் 164.3. மறுபடி மூலம் 12.82. 70ஆல பெருக்கினா 897.

கருத்தடை பண்ணின, வளர்ந்து முடிஞ்ச நாய்க்கு இதை 1.6ஆல, பண்ணாததுக்கு 1.8ஆல பெருக்கணும். 4 மாசத்துக்குள்ள குட்டிக்கு 3, அதுக்கப்புறம் வளர்ந்து முடியற வரைக்கும் 2. நம்ம 30 கிலோ நாய் கருத்தடை ஆனதுன்னா 1,435 கிலோ கலோரி. ட்ரீட்டுக்கு 10 சதவீதம் ஒதுக்கிட்டா தீவனத்துக்கு 1,290. தீவனம் 100 கிராமுக்கு 370 கிலோ கலோரின்னா ஏறக்குறைய 350 கிராம். நாள் முழுக்கச் சேர்த்து.

இப்ப இனம் எங்க வருதுன்னா, இந்தச் சூத்திரம் சராசரி நாய்க்கு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2006இல் போட்ட புத்தகத்துல இன வித்தியாசம் அப்பட்டமா இருக்கு. சூத்திரத்துல 70க்குப் பதிலா, ஒரு நாளைய மொத்தச் செலவுக்கு நியூஃபவுண்ட்லேண்ட் நாய்க்கு 105, இளம் கிரேட் டேனுக்கு 200. ரெண்டும் 55 கிலோன்னு வெச்சுக்குங்க: ஒண்ணுக்கு 2,120, இன்னொண்ணுக்கு 4,040. ஒரே எடை, ரெண்டு மடங்கு சோறு. எடையை மட்டும் பார்க்கிற எந்த அட்டவணையும் இங்க கவிழ்ந்துடும்.

அதனால கணக்கு போட்டு ஆரம்பிங்க, 2 வாரம் மாறாம போடுங்க, எடை பாருங்க. ஏறினா 10 சதவீதம் குறைங்க, இறங்கினா 10 சதவீதம் கூட்டுங்க, மறுபடி 2 வாரம். மூணு நாலு சுத்துல அந்த நாயோட சொந்த எண் கிடைச்சிடும். அது கிடைச்சப்புறம் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுடலாம்.

கப்புல அளக்காதீங்க. தலை தட்டின கப்பும் கூம்பு வெச்ச கப்பும் ஒண்ணில்ல. சின்ன நாய்க்கு அந்த வித்தியாசமே ஒரு வேளை சாப்பாடு. 1 கிராம் காட்டுற சமையலறைத் தராசு.

#7 கூர்மூக்கு

எடைத் தராசு பாதி உண்மைதான் சொல்லும். மிச்சத்தைக் கை சொல்லும். உள்ளங்கையைத் திருப்பி, புறங்கை எலும்புகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான அளவு. மடக்கிய முட்டியின் மேல் ஓட்டுவது போல முட்டி முட்டி நின்றால் மெலிவு. உள்ளங்கைச் சதையில் தேடுவது போல அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கணும், பக்கவாட்டில் வயிறு மேலேறணும். மெலிவு முதல் குண்டு வரை உடல்வாகுக்குப் போடும் 9 புள்ளி அளவில் 4 அல்லது 5.

இங்கேயும் இனம் குறுக்கே வரும். கிரேஹவுண்டுக்குக் கடைசி விலாக்களும் இடுப்பெலும்பின் முனையும் கண்ணுக்குத் தெரிவது இயல்பு. அதைக் ‘காய்ஞ்சு போச்சு’ என்று ஊட்டினால் தேவையில்லாத எடை. சமோயிட், சௌ சௌ போன்றவற்றில் ரோமம் எல்லாவற்றையும் மூடிவிடும், கண்ணால் பார்ப்பதே வீண்.

#8 புதுவரவு

கிண்ணக்கணக்கு, ஒரு சந்தேகம். 350 கிராம் என்று நிறுத்திவிட்டால் பசி மிகுந்த லாப்ரடார் நாள் முழுக்கக் கெஞ்சிக்கொண்டே இருக்குமே? பசியோடு வைத்திருப்பது சரியா?

#9 நாலுகால் வைத்தியர்

எடை கூடவிடுவது அதைவிடக் கொடுமை. ஓர் ஆய்வில் 24 ஜோடி லாப்ரடார்கள், ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஈற்று. ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீவனம், வாழ்நாள் முழுக்க. 2002இல் முடிவு வெளியானது: குறைவாகத் தின்ற குழுவின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றக் குழுவுக்கு 11.2. மூட்டுத் தேய்வும் தாமதமாகவே வந்தது.

ஏற்கெனவே குண்டான நாய்க்கு ஓர் எச்சரிக்கை. 36 கிலோ நாயை 30க்குக் கொண்டுவர இலக்கு எடையின் ஓய்வு ஆற்றலை, அதாவது 897ஐ, அப்படியே கொடுப்பது வழக்கம். சாதாரணத் தீவனத்தில் இது 240 கிராம்தான் வரும். கலோரி குறையும்போது புரதமும் தாதுக்களும் கூடவே குறைந்துவிடும். ஆகவே எடைக் குறைப்புக்கென்று செய்த, நார்ச்சத்தும் புரதமும் கூடிய தீவனத்துக்கு மாறுங்கள். கிண்ணமும் நிறைவாக இருக்கும். வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம், அதாவது 360 முதல் 720 கிராம்வரை இறங்கினால் சரியான வேகம்.

#10 மோப்பக்காரி

கெஞ்சலுக்கு வருகிறேன். கெஞ்சல் வேறு, பசி வேறு. பசி மரபணுவில் இருக்கலாம். சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து தாடையை மடியில் வைப்பது கற்றுக்கொண்டது. பத்துத் தடவையில் ஒருதடவை யாராவது கொடுத்தால் போதும், மிச்ச ஒன்பது தடவையும் அது சலிக்காமல் முயலும். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பதுதான் பழக்கத்தை இறுக்கும். வீட்டில் ஒருவர் விடாமல் மறுத்து இன்னொருவர் ரகசியமாகக் கொடுத்தால் நீங்கள் நாயைப் பழக்குகிறீர்கள், எதிர்த் திசையில்.

செய்ய வேண்டியது:

காலையிலேயே அன்றைய 350 கிராமையும் நிறுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். நாள் முழுக்க அது வாயில் போடுவது எல்லாம் அந்த டப்பாவிலிருந்து மட்டும். 120 கிராம் காலைக் கிண்ணம், 120 மாலைக் கிண்ணம். மிச்ச 110ஐ மூன்றாகப் பிரித்து, ஒன்றைப் புல்லில் அல்லது மோப்பப் பாயில் (மடிப்புகளுக்குள் தீவனத்தை மறைத்துத் தேடவிடும் துணிப்பாய்) தூவி விடுங்கள், ஒன்று பயிற்சிக்கு, ஒன்று உருட்டினால் விழும் பந்துக்குள். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், யார் கேட்டாலும்.

இதில் நாய்க்கு நாய் வித்தியாசம் வரும். சில நாய்கள் மோப்பம் பிடித்துத் தேடுவதில் அரை மணி நேரம் மெய்மறந்துபோகும். சிலது இரண்டு நிமிடத்தில் எரிச்சலாகிப் பந்தைக் கடிக்கத் தொடங்கும், அல்லது நம்மைப் பார்த்துக் குரைக்கும். பீகிள் மூக்கு நாய், எனவே மோப்பப் பாய்தான் என்று நினைக்காதீர்கள். பந்தை உருட்டுவதில் கில்லாடியான பீகிளும் உண்டு. மூன்றையும் தலா 3 நாள் கொடுத்து, எதில் வாலும் உடம்பும் தளர்வாக இருக்கிறது என்று பாருங்கள்.

#11 வாலாட்டி

எங்க தரப்புக்கும் ஒரு பாயிண்ட் கொடுங்க அக்கா. சின்ன இனங்கள் பிகு பண்றது எல்லாரும் பார்க்கிறதுதானே? சிவாவா, யார்க்ஷயர் டெரியர், மால்டீஸ். எல்லாம் நூறு தடவை மோந்து பார்த்துட்டுப் போயிடும்.

#12 கூர்மூக்கு

அதில் பெரும்பகுதி பிகு இல்லை, வயிறு நிறைந்த நாய். கிண்ணக்கணக்கின் சூத்திரத்தில் 3 கிலோ நாயைப் போடுங்கள்: ஓய்வு ஆற்றல் 160, கருத்தடை ஆனது என்றால் நாளுக்கு 255 கிலோ கலோரி. தீவனமாக 69 கிராம். ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதல், அதுவும் இரண்டு வேளைக்கு! 15 கிராம் சீஸ் துண்டு ஒன்று 60 கிலோ கலோரி. நாளின் கால் பங்கு அதோடு போயிற்று. 30 கிலோ நாய்க்கு அதே துண்டு கணக்கிலேயே வராது. பெரிய கிண்ணத்தில் 150 கிராம் கொட்டிவிட்டு ‘சாப்பிடவே மாட்டேங்குது’ என்றால் நாய் என்ன செய்யும்?

அடுத்தது நாமே பழக்கிவிடுவது. மோந்துவிட்டு நகர்கிறது, நாம் மேலே குழம்பு ஊற்றுகிறோம். மறுநாளும் நகர்கிறது, கோழித் துண்டு வருகிறது. மூன்றாம் நாள் கையால் ஊட்டல். காத்திருந்தால் மேலானது வரும் என்பதை அது ஒழுங்காகக் கற்றுக்கொண்டுவிட்டது, புத்திசாலி நாய். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவு நாய்களிடம் நாம் இப்படி நடக்கிறோம், 40 கிலோ மாஸ்டிஃபிடம் நடப்பதில்லை. இனத்தின் குணம் என்று சொல்வதில் பாதி இனத்தின் அளவு.

பழக்கத்தை மாற்ற: அளந்த உணவை வையுங்கள், 15 முதல் 20 நிமிடம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உங்கள் வேலையைச் செய்யுங்கள். மீந்ததை எடுத்துவிடுங்கள், பேச்சில்லாமல். அடுத்த வேளைவரை எதுவும் இல்லை. பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் சீராகும். ஈரத் தீவனமாக இருந்தால் உடல் சூட்டுக்கு, 37 டிகிரி அளவில், வெதுவெதுப்பாக்கலாம், மணம் எழும். நாய்க்கு நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700தான், நம்மில் ஐந்தில் ஒரு பங்கு. அது சாப்பாட்டைத் தேர்வதில் மூக்குதான் முதலில்.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய் ஒருநாள் திடீரென்று கிண்ணத்துக்குப் பயந்தால் உணவைக் குறை சொல்லாதீர்கள். கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லை ஸ்டீல் கிண்ணத்தில் மோதிக் கிணுகிணுக்கிறதா, தரை வழுக்குகிறதா, பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடுகிறதா என்று பாருங்கள். சத்தத்துக்கு மிரளும் பார்டர் கோலிகளில் இது அடிக்கடி. தட்டையான பீங்கான் தட்டு, அடியில் ரப்பர் விரிப்பு. தீர்ந்தது.

#13 நாலுகால் வைத்தியர்

கூர்மூக்கு சொன்ன முறை நல்லது, ஆனால் யாருக்கு அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். குட்டிகளுக்கு அல்ல. இன்சுலின் போடும் நாய்க்கு அல்ல. நோயிலிருந்து தேறும் நாய்க்கு அல்ல. சின்னஞ்சிறு இனக் குட்டிகள் சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்: தள்ளாட்டம், நடுக்கம், மந்தம், பிறகு வலிப்பு. ஈறில் சர்க்கரைப் பாகு தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அவற்றுக்கு நாளுக்கு 4 முதல் 6 வேளை. நன்றாக இருக்கும் வளர்ந்த நாயே 24 மணி நேரம் எதையும் தொடாவிட்டால் பரிசோதனை தேவை.

இனி, வேகமாக விழுங்குவது. இது உடல் இனத்துக்கு உரியது, பழக்கம் நாய்க்கு உரியது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், ஸ்டாண்டர்ட் பூடில், ஐரிஷ் செட்டர், வைமரானர் போன்ற ஆழ்மார்பு இனங்களில் வயிறு காற்றால் உப்பி அச்சில் திரும்பிக்கொள்ளும். மார்பு ஆழம் இனம் தந்தது. ஆனால் ஆபத்தைக் கூட்டுபவை: நாளுக்கு ஒரே வேளை பெரிய உணவு, அவசரமாக விழுங்குதல், வயது, தாய் தந்தைக்கோ உடன்பிறப்புக்கோ வந்திருப்பது. பயந்த, பதற்றமான நாய்களுக்கு ஆபத்து அதிகம், கலகலப்பான நாய்களுக்குக் குறைவு என்றும் ஆய்வில் தெரிந்தது. ஒரே இனம், ஒரே மார்பு, குணத்தால் வேறு விதி.

வயிறு உப்பி, ஓங்கரித்தும் எதுவும் வெளியே வராமல், எச்சில் வடிய, படுக்கவும் முடியாமல் நாய் அலைந்தால் மருந்து தேடாதீர்கள், காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே. வயிற்றை உடல் சுவரோடு தைத்துவிடும் முன்தடுப்பு அறுவை இந்த இனங்களுக்கு உண்டு. உப்பலை அது தடுக்காது, முறுக்கலைத் தடுக்கும். கருத்தடையின்போதே செய்துகொள்ளலாம்.

தட்டை முகங்கள்: பக், ஃபிரெஞ்ச் புல்டாக், இங்கிலீஷ் புல்டாக். மூச்சும் விழுங்கலும் ஒன்றோடொன்று போட்டியிடும். காற்றையும் சேர்த்து விழுங்கும், பிறகு எதுக்களிக்கும். எதுக்களிப்பும் வாந்தியும் ஒன்றல்ல: வயிறு குலுங்காமல், செரிக்காத உணவு அப்படியே நழுவி விழுந்தால் எதுக்களிப்பு. இந்த இனங்களில் இதை ‘அவசரக்காரன்’ என்று விட்டுவிடுகிறார்கள்; பலவற்றில் மூச்சுப்பாதையைச் சரிசெய்தால் எதுக்களிப்பும் குறைகிறது. வாரத்துக்குச் சில முறை வந்தால் காட்டுங்கள்.

#14 கிண்ணக்கணக்கு

டாக்டர் சொன்ன வேகத்துக்கு: முதல்ல ஸ்டாப்வாட்ச். தனியா வெச்சுச் சாப்பிட எத்தனை வினாடி, இன்னொரு நாய் கண்ணுல படும்போது எத்தனை வினாடி, 3 வேளை அளந்து பாருங்க. தனியா இருக்கையில மெதுவா, கூட இருக்கையில வேகமான்னா பிரச்சினை கிண்ணம் இல்ல, போட்டி. கதவைச் சாத்தினா போதும், புதுக் கிண்ணம் வேண்டாம்.

ரெண்டு தடவையும் வேகம்னா வரப்பு வெச்ச மெதுகிண்ணம். தட்டை முக நாய்க்கு ஆழமான வரப்பு கூடாது, மூக்கு உள்ள போகாது, முகமடிப்புல தீவனம் சிக்கிப் புண்ணாகும். அதுக்கு அகலமான தட்டுல ஒரே அடுக்காப் பரப்புங்க. கிண்ணத்துல பந்து போடறவங்க, வாய்க்குள்ள போகாத அளவு பந்தான்னு பாருங்க. உலர் தீவனத்துல சம எடை தண்ணி ஊத்தி 15 நிமிஷம் ஊறவிட்டாலும் வேகம் குறையும், ஆனா ஊறினதை மணிக்கணக்கா வெளிய வைக்காதீங்க.

#15 புதுவரவு

போட்டி என்றதும் கேட்கத் தோன்றுகிறது. பக்கத்தில் போனாலே உறுமுகிற நாய்? சில இனங்களுக்கே அந்தக் குணம் என்கிறார்களே.

#16 மோப்பக்காரி

எந்த இனத்திலும் வரும், எந்த இனத்திலும் வராமலும் இருக்கும். உறுமலுக்கு முன்னால் நாலு அறிகுறி வந்துவிடும்: சாப்பிடுவதை நிறுத்தி உறைந்து நிற்பது, நாம் நெருங்க நெருங்க வேகமாகத் தின்பது, தலையைக் கிண்ணத்துக்குள் தாழ்த்தி உடம்பால் மறைப்பது, தலை திரும்பாமல் விழி மட்டும் திரும்பி வெள்ளை தெரிவது. இதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிட்டு உறுமலுக்கு அடித்தால், அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். எச்சரிக்கை மணியை நீங்களே கழற்றிவிட்டீர்கள்.

‘நான்தான் தலைவன்’ என்று காட்டச் சாப்பிடும்போது கிண்ணத்தை எடுப்பதும் கையை உள்ளே விடுவதும் ஒரு பழைய மூடப்பழக்கம். அதன் கண்ணில் நீங்கள் திருடர். சந்தேகம் உறுதியாகும், அவ்வளவுதான்.

முறை: எந்த அறிகுறியும் வராத தூரத்தைக் கண்டுபிடியுங்கள், 2 மீட்டர் என்று வையுங்கள். அந்தக் கோட்டைத் தொட்டு, கிண்ணத்தில் இருப்பதைவிட மேலான ஒரு துண்டை (வெந்த இறைச்சி, விரல்நகம் அளவு) கிண்ணத்தருகே எறிந்துவிட்டுத் திரும்பி நடங்கள். ஒரு வேளையில் 5 தடவை. நீங்கள் வருவதைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, உடம்பு தளர்ந்து எதிர்பார்த்தால்தான் அடுத்த படி. 3 நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் 30 சென்டிமீட்டர் முன்னேறுங்கள். ஒரு தடவை உறைந்தால் இரண்டு படி பின்னால் போங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில்: அவசரப்பட்டு நெருங்குவது, எறிந்துவிட்டு அங்கேயே நின்று பார்ப்பது, கிண்ணத்தில் இருக்கும் அதே தீவனத்தையே எறிவது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தாலோ, ஏற்கெனவே கடித்திருந்தாலோ நீங்களாக முயல வேண்டாம். நேரில் பார்க்கும் நடத்தை வல்லுநர் வேண்டும். அதுவரை நாய்க்குக் கதவடைத்த அறையில் சாப்பாடு.

#17 நாலுகால் வைத்தியர்

இழை முடிவதற்குள் ஒன்று. குணம் என்று நாம் பெயர் வைத்தது சில சமயம் நோய். இங்கே இனம் மறுபடி உதவும், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று.

ஜெர்மன் ஷெப்பர்ட் ஆவேசமாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளிறி, அளவுக்கு மீறிக் குவிந்தால் கணையச் செரிமான நொதி சுரக்கவில்லை என்று பொருள் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரியும், உணவோடு நொதித்தூள் கலந்தால் தேறும். மினியேச்சர் ஷ்னாவுசருக்கு ரத்தக் கொழுப்பும் கணைய அழற்சியும் எளிதில் வரும். பொரித்த மிச்சம், கொழுப்புத் தோல் அதற்குக் கூடாது. டால்மேஷியனின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதி, கல் உண்டாகும். ஈரல் போன்ற உறுப்பு இறைச்சியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். சிறிய இனங்கள் உலர் தீவனத்தை எடுத்துக் கீழே போட்டு, ஒரு பக்கமாகவே மென்றால் அது ருசி பார்ப்பதல்ல, பல் வலி. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்.

எந்த இனமானாலும்: நடுவயதில் திடீரென்று பசியும் தாகமும் கூடினால் நீரிழிவோ குஷிங் நோயோ (கார்டிசால் என்னும் சுரப்பு மிகுவது) இருக்கலாம்; வயிறும் தொங்கினால் குஷிங்கைச் சந்தேகியுங்கள். கூடுதலாகத் தின்னாமலே எடை ஏறினால் தைராய்டு குறைவாகச் சுரக்கலாம். ஸ்டீராய்டோ, வலிப்பு மருந்தான பீனோபார்பிட்டாலோ கொடுத்துக்கொண்டிருந்தால் பசி மருந்தால் வருவது. சாப்பாட்டுப் பழக்கம் சில நாளில் மாறினால் குணத்தைத் தேடாதீர்கள்; குணம் அவ்வளவு வேகமாக மாறாது.

#18 புதுவரவு

ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டுக்கும் தனித்தனியாக எதைக் குறித்துவைப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கிண்ணக்கணக்கு.

#19 கிண்ணக்கணக்கு

7 நாள், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வரி. வெச்சது எத்தனை கிராம், மீந்தது எத்தனை கிராம், எத்தனை நிமிஷம், பக்கத்துல யார் இருந்தாங்க, அதுக்கு முந்தின 3 மணி நேரத்துல வாயில என்ன போச்சு, மலம் கெட்டியா இளகலா. அவ்வளவுதான்.

படிக்கிற விதம்: மீதி காலையில மட்டும் விழுதுன்னா ராத்திரி ட்ரீட் அதிகம், இல்ல அந்த நாய்க்குக் காலைப் பசி இல்ல, மாலைக்கு 60 சதவீதத்தை நகர்த்துங்க. தினமும் ஒரே அளவு மீதின்னா நீங்க போடறதே அதிகம், அந்த மீதியைக் கழிச்சுட்டு எடையைக் கவனிங்க. ஒருத்தர் இருந்தா மட்டும் சாப்பிடாம நிக்குதுன்னா அவர்தான் மேல்துண்டு கொடுக்கிறவர், நாய் காட்டிக் கொடுத்துடுச்சு. குட்டிங்க ரெண்டுக்கும் தனித்தனி அறை, இல்லேன்னா யாருடைய மீதியை யார் முடிச்சாங்கன்னே தெரியாது. கூட்டமா வெச்சா குட்டிங்க தனியா தின்கிறதைவிட அதிகமா விழுங்கும், அந்த எண் எதுக்கும் உதவாது.

#20 வாலாட்டி

தராசு வாங்கிடறேன். 350ன்னா கிண்ணத்தோட சேர்த்தா?

#21 கிண்ணக்கணக்கு

கிண்ணத்தை வெறுமையா வெச்சு சைபர் பட்டனை அமுக்கிட்டு அப்புறம் போடுங்க தலைவா. இல்லேன்னா உங்க லாப்ரடார் ஸ்டீலோட எடையையும் சேர்த்துப் பட்டினி கிடக்கும்.